சுகாதார ஆலோசனைச் சபையில் நோயாளருக்கு இடம் கேட்பது எப்படி?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் இயங்கும் சிறுநீரக நோயாளர் நலன்புரிச் சங்கம் ஒன்றின் செயலாளர் நான். சுகாதார அமைச்சருக்கு ஆலோசனை கூறும் சபையொன்றில் 17 இடங்கள் இருக்கின்றன. ஒன்பது பேர் பதவிவழி வந்த அதிகாரிகள், ஐந்து பேர் விசேட வைத்தியர்கள், ஒருவர் தனியார் வைத்தியசாலைகள் சார்பில், இன்னொருவர் மருந்து இறக்குமதியாளர் சார்பில். ‘சமூக சேவையாளர்’ என்று ஓர் இடம் உண்டு. அது இரண்டு வருடமாக வெற்றிடம். நோயாளர் ஒருவர்கூட இல்லை. கூட்டம் சிங்களத்தில் நடக்கிறது, பத்திரங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. இறக்குமதியாளரையும் ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரையும் நீக்கிவிட்டு எங்கள் தலைவரை நியமிக்கும்படி 400 கையெழுத்துடன் மனு எழுதி வைத்திருக்கிறோம். இப்போதுள்ளவர்களின் காலம் மார்ச் மாதத்தில் முடிகிறதாம். மனுவை யாருக்கு அனுப்புவது? மறுத்தால் வழக்குப் போடலாமா?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

மனுவை இப்போது அனுப்ப வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பது இருவரை எடுத்துவிட்டு ஒருவரைப் போடச் சொல்லி. அமைச்சருக்கு மனமிருந்தால் ஒரே கடிதத்தில் அதைச் செய்து தருவார். அடுத்து வரும் அமைச்சர் இன்னொரு கடிதத்தில் உங்கள் தலைவரை எடுத்தும் விடுவார். நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, நீக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது என்பது 1901ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச்சட்டத்திலேயே உள்ள விதி. நோயாளருக்கென்று ஓர் இருக்கை எழுத்தில் ஏறினால்தான் அதில் இருப்பவர் மாறினாலும் இடம் நிலைக்கும். உங்கள் கோரிக்கை அந்த எழுத்தைப் பற்றியதாக இருக்கட்டும். தலைவரின் பெயர் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

இன்னொன்று. வாசகத்தை மாற்றிவிட்டுப் பழைய கையெழுத்துத் தாள்களை அதன் பின்னால் இணைக்கக் கூடாது. யாராவது ஒருவர் ‘இதற்கு நான் கையெழுத்து வைக்கவில்லை’ என்று சொன்னால் சங்கத்தின் பெயர் அதோடு போய்விடும். புதிய வாசகத்துக்குப் புதிதாக வாங்குங்கள். 400 தேவையில்லை. முழுப்பெயர், முகவரி, சிகிச்சை பெறும் வைத்தியசாலை ஆகிய மூன்றும் தெளிவாக உள்ள 50 போதும்.

இனி, சபை எந்தத் தாளின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் இதைப் பார்க்காமலே கடிதம் எழுதுவார்கள். ‘உங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்து விடயம் அங்கேயே முடிந்துவிடும்.

பாராளுமன்றச் சட்டமொன்றின் கீழ் அமைந்த சபை என்றால், யார் யார் உறுப்பினர் என்பது சட்டத்தின் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வரும் இலங்கை மருத்துவ சபை அப்படிப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் அப்படியே. இவற்றில் புதிய இருக்கை ஒன்றைச் சேர்க்க அமைச்சரின் கடிதம் போதாது. அமைச்சரவைப் பத்திரம், சட்டவரைஞர் திணைக்களம், சட்டமா அதிபரின் கருத்து, வர்த்தமானி, பாராளுமன்றம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு வருடத்தில் முடிந்தால் அது வேகம். மாகாண சபைகளின் நிரலில், அதாவது அவற்றின் அதிகாரத்துக்கு ஒதுக்கப்பட்ட விடயங்களின் பட்டியலில், உள்ள விடயத்தைச் சட்டமூலம் தொட்டால், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி எல்லா மாகாண சபைகளின் கருத்துக்கும் அதை அனுப்ப வேண்டும். 2012இல் வாழ்வாதார அபிவிருத்திக்கான திவிநெகும சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் தடுக்கி நின்றது இந்த இடத்தில்தான். போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் தவிர்ந்த அரச வைத்தியசாலைகள், பொதுச் சுகாதாரம், போசாக்கு, தாய் சேய் நலம் எல்லாம் அந்த நிரலில் இருக்கின்றன. சுகாதாரத்தில் கை வைக்கும் எந்தச் சட்டமூலமும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் போகாது.

சட்டம் பொதுவாகச் சொல்லி, விவரத்தை ஒழுங்குவிதிக்கு விட்டிருந்தால் வேலை பாதி. அமைச்சர் ஒழுங்குவிதியை ஆக்கி வர்த்தமானியில் வெளியிட்டுப் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு முன்வைப்பார்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால் சபை மூன்றாவது வகையாக இருக்கலாம்: அமைச்சரவைத் தீர்மானத்தாலோ அமைச்சின் கடிதத்தாலோ உண்டானது. ‘சமூக சேவையாளர்’ போன்ற வரைவிலக்கணம் இல்லாத பதங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கடிதங்களில்தான் இருக்கும். இதை மாற்றுவது மிகச் சுலபம். மாற்றியதைத் திரும்ப மாற்றுவதும் அதேயளவு சுலபம். ஆகவே அமைச்சின் கடிதத்தால் வந்த சபைக்கு அமைச்சரவைத் தீர்மானத்தைக் கேளுங்கள். ஒரு படி மேலே ஏற்றி வைத்தால், இறக்குவதற்கும் அதே படி ஏறியாக வேண்டும்.

மாகாண மட்டத்துச் சபை என்றால் கதை வேறு. மாகாண சபையின் நியதிச்சட்டத்தால் அமைந்ததை நியதிச்சட்டத்தாலேயே திருத்த வேண்டும். ஆனால் ஒன்பது மாகாண சபைகளிலும் கடைசியானதன் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால் நியதிச்சட்டம் நிறைவேற்றச் சபையே இல்லை. அப்போது ஆளுநருக்கும் மாகாணச் சுகாதாரச் செயலாளருக்கும்தான் எழுத வேண்டும், அவர்கள் நிர்வாகக் கடிதத்தால் செய்யக்கூடியதை மட்டும் கேட்டு.

எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம், கேட்டு எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. கொழும்பு 10, சுவசிரிபாயவில் உள்ள சுகாதார அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். சங்கத்தின் பெயரில் கேட்டால், உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகள் என்று காட்டச் சொல்ல இடமுண்டு. அந்த இழுபறி எதற்கு? உங்கள் சொந்தப் பெயரில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கேள்விகளை இப்படி எழுதுங்கள்:

“மேற்படி சபையை உண்டாக்கிய சட்டப் பிரிவு, வர்த்தமானி, அமைச்சரவைத் தீர்மானம் அல்லது கடிதம் ஆகியவற்றின் பிரதி. சபையின் பணிகளையும் கூட்ட நடைமுறையையும் கூறும் ஆவணத்தின் பிரதி. தற்போதைய உறுப்பினரின் பெயர், எந்த வகையின் கீழ் நியமனம், நியமனத் திகதி, முடிவுத் திகதி. கடந்த இரண்டு வருடத்தில் நடந்த கூட்டங்களின் திகதி, ஒவ்வொன்றுக்கும் வந்தோர் பட்டியல், கூட்டறிக்கைகளின் பிரதி. வெற்றிடமாக உள்ள இடத்தை நிரப்ப எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கடிதங்களின் பிரதி.”

‘ஏன் நிரப்பவில்லை?’ என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது அவர்களிடம் இருக்கும் ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ‘ஏன்’ என்ற சொல்லைக் கண்டால் ‘அப்படியொரு தகவல் எம்மிடம் இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது. அமைச்சரவைப் பத்திரம் கேட்கும்போது ‘இரகசியம்’ என்ற பதில் வரலாம். தீர்மானம் எடுக்கப்படாத பத்திரத்துக்குத்தான் அந்த விலக்கு. தீர்மானம் எடுத்தாயிற்று என்றால் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். தருவதென்று தீர்மானித்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும். ஆவணம் அதிகமென்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். போயா விடுமுறைகளையும் சேர்த்தால் நடைமுறையில் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பு 7இல் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

வந்தோர் பட்டியல்தான் உங்கள் கையில் கிடைக்கக்கூடிய மிகப் பெறுமதியான தாள். அதை மேசையில் விரித்து, ஒன்பது அதிகாரிகளுக்கும் நேரே வந்த நாளையும் வராத நாளையும் குறியுங்கள். யார் வருவதேயில்லை, யார் தனக்குப் பதிலாக உதவிப் பணிப்பாளரை அனுப்புகிறார், எந்த இரண்டு பதவிகள் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதெல்லாம் வெளியே வரும். நோயாளருக்கான இருக்கைகள் அங்கிருந்துதான் வர வேண்டும். சபையை 17இலிருந்து 25ஆக்கி எட்டுப் பேரைச் சேருங்கள் என்று கேட்பது பார்வைக்கு நல்லது. ஆனால் ஆள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைக்கும் நேரம் குறையும், முடிவு சபைக்கு வெளியே ஒரு சிறு குழுவுக்குப் போய்விடும், அந்தக் குழுவில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். எண்ணிக்கை 17ஆகவே இருக்கட்டும். வெற்றிடமான ‘சமூக சேவையாளர்’ இடம் ஒன்று, பதவிவழி இடங்களில் மூன்றை ‘தேவைப்படும் விடயத்துக்கு அழைக்கப்படுபவர்’ என்று மாற்றினால் மூன்று, மொத்தம் நான்கு. அதிகாரிகள் ஆறு, விசேட வைத்தியர்கள் ஐந்து, தனியார் வைத்தியசாலை ஒன்று, இறக்குமதியாளர் ஒன்று, நோயாளர் நான்கு. கணக்குச் சரி.

ஏன் நான்கு? ஒருவர் என்றால் அவர் தனியாள். எதிர்த்துப் பேசினால் ‘உணர்ச்சிவசப்படுகிறார்’ என்பார்கள், பேசாவிட்டால் ‘நோயாளரும் ஒப்புக்கொண்டார்’ என்று அறிக்கையில் ஏறும். இருவர் என்றால் ஒருவர் வைத்தியசாலையில் படுத்த நாளில் மீண்டும் தனியாள்தான். நால்வரில் இருவராவது எப்படியும் வருவார்கள்.

நோய்வாரியாக இடம் கேட்காதீர்கள். சிறுநீரகத்துக்கு ஒன்று என்றால் புற்றுநோய், தலசீமியா, நீரிழிவு, மனநலம் எல்லாம் வரிசையில் நிற்கும். எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பதையே காரணமாக்கி ஒருவருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதோடு, சிறுநீரக நோயாளர் என்றால் கொட்டாஞ்சேனை மட்டுமா? காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவிய பக்கத்து விவசாயிகள் 1990களிலிருந்து பாதிக்கப்பட்டு வருகிறார்கள். அவர்களுடைய கஷ்டம் குடிநீரும் தூரமும். உங்களுடையது டயலிசிஸ் இயந்திரத்துக்கான வரிசையும் வெளியே வாங்கச் சொல்லும் மருந்தும். நீண்டகால நோயாளர், தாய் சேய் சேவை பெறுபவர், மனநலம் அல்லது மாற்றுத்திறன் சார்ந்தவர், தோட்டப் பகுதி அல்லது பின்தங்கிய கிராமத்தைச் சேர்ந்தவர் என்று நான்கு பிரிவாகக் கேட்டால் பல சங்கங்கள் உங்களோடு சேர்ந்து நிற்கும்.

வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். உங்கள் சட்டத்தரணி சொற்களைச் செப்பனிடட்டும், கருத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்:

“சபையின் உறுப்பினருள் நால்வர் நோயாளர் பிரதிநிதிகளாதல் வேண்டும். நோயாளர் பிரதிநிதி எனப்படுபவர், நியமனத் திகதிக்கு முந்திய மூன்று வருடத்துள் அரச வைத்தியசாலையொன்றில் தொடர் சிகிச்சை பெற்றவர் அல்லது அவ்வாறு பெற்ற ஒருவரை ஊதியமின்றிப் பராமரித்தவர். அமைச்சிலோ, தனியார் வைத்தியசாலையிலோ, மருந்து அல்லது மருத்துவ உபகரண வணிகத்திலோ ஊதியம் பெறுபவர் இவ்விடத்துக்குத் தகுதியற்றவர். மும்மொழிப் பத்திரிகைகளில் அறிவித்தல் வெளியிட்டு, 21 நாள் அவகாசம் கொடுத்து, நோயாளர் அமைப்புகளிடமிருந்து பெறப்பட்ட பெயர்களிலிருந்து அமைச்சர் இவர்களை நியமிப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று உறுப்பினரும் நியமிக்கப்படல் வேண்டும். வெற்றிடம் ஏற்பட்டு 60 நாளுள் நிரப்பப்படல் வேண்டும்.”

தகுதியின்மை வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை: நீரிழிவு உள்ள ஓய்வுபெற்ற பணிப்பாளர் ஒருவர் நோயாளர் பிரதிநிதியாக வந்து உட்காருவார். தெரிவை அமைச்சரிடமே விட்டிருப்பதும் வேண்டுமென்றேதான். அந்த அதிகாரத்தையும் பறிக்கப் போனால் கோப்பு நகராது. அவர் எந்தப் பட்டியலிலிருந்து தெரிவு செய்கிறார் என்பதை நீங்கள் தீர்மானித்தால் போதும்.

60 நாள் என்ற வரிக்கும் காரணம் உண்டு. நம் நாட்டுச் சட்டங்களில் வழக்கமாக ஒரு வாசகம் வரும்: உறுப்பினர் வெற்றிடம் இருந்தது என்ற காரணத்தால் மட்டும் சபையின் நடவடிக்கை செல்லுபடியற்றதாகாது என்று. ஒருவர் இறந்தாலோ விலகினாலோ வேலை நின்றுவிடக் கூடாதென்று வைத்த நல்ல விதி அது. ஆனால் அதன் நிழலில், வேண்டாத இருக்கையைக் காலவரையின்றி காலியாக வைத்திருக்கலாம். உங்கள் ‘சமூக சேவையாளர்’ இடம் இரண்டு வருடம் காலியாகக் கிடந்தும் யாருக்கும் ஒரு நட்டமும் வராதது இதனால்தான்.

கூட்டநடப்பெண்ணை, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய ஆகக் குறைந்த உறுப்பினர் எண்ணிக்கையை, பார்க்க மறக்க வேண்டாம். 17 பேர் சபையில் அது 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒன்பது அதிகாரிகள் மட்டும் கூடி எந்த விதப்புரையையும் நிறைவேற்றலாம். நீங்கள் கேட்டபடி நான்கு இடமும் கிடைத்தபின், ஆறு அதிகாரிகளும் ஒரு வைத்தியரும் சேர்ந்தால் மீண்டும் 7. உறுப்பினரை மாற்றிவிட்டுக் கூட்டநடப்பெண்ணை அப்படியே விடுவது, வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு யன்னலைத் திறந்து வைப்பது போன்றது. 9ஆக உயர்த்தி, அதில் நோயாளர் பிரதிநிதி ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு அதிகாரிகள் சொல்லும் மறுப்பு நியாயமானது: நோயாளர் நால்வரும் வராமல் இருந்தே சபையை முடக்கலாமே? ஆகவே நீங்களே முந்திக்கொண்டு, அந்தக் காரணத்தால் ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் அடுத்த முறை அவர்கள் இல்லாமலும் நடக்கலாம் என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது வருகை விதி. அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பதவி இழப்பார் என்பது வழக்கமான வாசகம். சுகதேகிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி இது. டயலிசிஸ் செய்பவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு போகும்; முடிந்தபின் எழுந்து கூட்டத்துக்கு வர உடம்பு இடங்கொடுக்காது. திங்கள், புதன், வெள்ளி முறை உள்ள ஒருவரை நியமித்துவிட்டுக் கூட்டத்தைப் புதன்கிழமைகளில் வைத்தால், யாரும் அவரை நீக்க வேண்டியதில்லை, அவராகவே நீங்கிவிடுவார். அதிகாரிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவர் இன்னொருவரை அனுப்பிவிடுவார். ‘சிகிச்சை காரணமாக அறிவித்து வராத கூட்டம் வராமையாகக் கணக்கிடப்படாது, மாற்று உறுப்பினர் வந்தால் அது உறுப்பினர் வந்ததாகவே கொள்ளப்படும்’ என்று ஒரு வரி வேண்டும். பயணச் செலவும் அன்றைய நாட்கூலிக்கு ஈடான கொடுப்பனவும் பற்றி இன்னொரு வரி. பதவியவிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு இது சலுகை இல்லை. இது இல்லாவிட்டால் நான்கு இடமும் கொழும்பிலேயே தங்கிவிடும்.

இறக்குமதியாளரை நீக்கச் சொல்வதை விடுங்கள். அவருக்கு நலன் முரண்பாடு உண்டு என்பது உண்மைதான். தனியார் வைத்தியசாலைக்காரருக்கும் உண்டு. வெளியே தனியார் சிகிச்சை பார்க்கும் விசேட வைத்தியருக்கும் உண்டு. ஒருவரைச் சுட்டினால் அது பகை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி கேட்டால் அதை மறுத்துப் பேசுவது கடினம்: வருட ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் எழுத்தில் நலன் வெளிப்படுத்த வேண்டும், தன் வருமானத்தைத் தொடும் விடயம் வரும்போது அறையை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறியது கூட்டறிக்கையில் பதிய வேண்டும். ஆனால் விதி வந்தால் அது உங்களுக்கும் பொருந்தும். உங்கள் சங்கத்தின் கடந்த மூன்று வருடக் கணக்கை எடுத்துப் பாருங்கள். டயலிசிஸ் உபகரணம் விற்கும் கம்பனி ஒன்று உலக சிறுநீரக தினத்துக்குப் பதாகை அடித்துக் கொடுத்திருக்கிறதா? மருந்துக் கம்பனி மதிய சாப்பாடு கொடுத்ததா? இருந்தால் தொகையோடு கோரிக்கைக் கடிதத்தின் இணைப்பில் நீங்களே எழுதிவிடுங்கள். மற்றவர் கண்டுபிடித்து எடுத்துக் காட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

‘நோயாளரைச் சபையில் வைப்பது நடைமுறைச் சாத்தியமா?’ என்று கேட்டால், கைக்கெட்டும் தூரத்திலேயே உதாரணம் இருக்கிறது. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலகளாவிய நிதியத்திடம் பணம் பெறும் ஒவ்வொரு நாடும் ‘ஒருங்கிணைப்புப் பொறிமுறை’ என்ற பல தரப்பினர் கூடும் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும். இலங்கையிலும் அது உண்டு. நோயோடு வாழ்பவர்கள் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், அரசு சாராத் தரப்புகள் தம் பிரதிநிதியைத் தாமே வெளிப்படையாகத் தெரிவு செய்ய வேண்டும், நலன் முரண்பாட்டுக்கு எழுத்தில் விதி வேண்டும் என்பவை நிதியத்தின் நிபந்தனைகள். அங்கே ஏற்றுக்கொண்டதை இங்கே ஏன் முடியாது என்று நயமாகக் கேளுங்கள். வெளிநாட்டு உதாரணம் கேட்டால் இரண்டு போதும். பிரேசிலின் சுகாதார சபைகளில் சேவை பெறுபவரின் எண்ணிக்கை மற்றத் தரப்புகள் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் குறைந்த வருமானத்தோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெய்ட் திட்டத்துக்கான மாநில ஆலோசனைக் குழுக்களில், பயன்பெறுவோர் சபையிலிருந்து வருபவரின் பங்கை 2025 ஜூலையிலிருந்து 10 வீதம், அடுத்த வருடம் 20 வீதம், 2027 ஜூலையிலிருந்து 25 வீதம் என்று படிப்படியாக உயர்த்தும் விதி 2024இல் வந்தது. இந்தப் படிமுறை உங்களுக்கு உதவும். நான்கு இடத்தையும் உடனே தரத் தயங்கினால் மார்ச்சில் இரண்டு, 18 மாதத்தில் மற்ற இரண்டு என்று கேட்கலாம்; திகதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

மொழி விடயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘தமிழர் ஒருவரை நியமியுங்கள்’ என்று கேட்டால், இரு மொழியும் தெரிந்த ஒருவரைப் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். கூட்டம் சிங்களத்திலேயே நடக்கும். அவர் பக்கத்திலிருப்பவருக்குக் காதோடு மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார், தான் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டார். தமிழும் அரச கரும மொழி என்பது அரசியலமைப்பில் உள்ளது. ஆகவே வசதியைக் கேளுங்கள்: நிகழ்ச்சி நிரலும் பத்திரங்களும் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னர் தமிழிலும் சிங்களத்திலும், கூட்டத்தில் உரைபெயர்ப்பாளர், கூட்டறிக்கை இரு மொழியிலும். இது முஸ்லிம் நோயாளருக்கும் மலையகத்தவருக்கும் சேர்த்துப் பயன்படும். இனப் பங்கு கேட்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. நடக்காவிட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

காலக் கணக்கு: மார்ச்சில் புது நியமனம் என்றால் கோரிக்கை ஒக்டோபருக்குள் அமைச்சின் மேசைக்குப் போக வேண்டும். நவம்பரும் டிசம்பரும் பெரும்பாலும் வரவுசெலவுத்திட்ட விவாதத்தோடு போய்விடும். ஜனவரிக்குப் பிறகு பழைய பட்டியலையே நீடிப்பதற்கான கடிதம் தட்டச்சாகிவிடும். கடிதத்தை அமைச்சருக்கு முகவரியிட்டு, பிரதியைச் செயலாளருக்கும் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வாசகமும் வருகைப் பட்டியலும் இணைப்பாக. ஆறு வாரத்தில் பதில் இல்லையென்றால் பாராளுமன்றத்தின் சுகாதாரம் சார்ந்த துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு எழுதலாம், அல்லது பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். சபையிலுள்ள விசேட வைத்தியர்களில் ஒருவரையாவது முன்கூட்டியே சந்தியுங்கள். நீக்கச் சொல்லி எழுதிய பழைய மனுவை அனுப்பியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

வழக்கைப் பற்றி: ‘என்னை நியமி’ என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை, நீதிமன்றம் அப்படிக் கட்டளையிடாது. சட்டமோ ஒழுங்குவிதியோ கட்டாயம் என்று சொன்ன ஒரு பிரிவை நிரப்பாமல் விட்டிருந்தால் மட்டும், கடமையைச் செய்யச் சொல்லி ரிட் மனுவுக்கு இடம் உண்டு. அமைச்சின் கடிதத்தால் மட்டும் நிற்கும் சபைக்கு இந்த வழி பலவீனமானது. பாகுபாடு என்று அடிப்படை உரிமை மனு போடுவதென்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். இரண்டு வருட வெற்றிடத்தை இன்றைக்குக் காட்டினால் முதல் கேள்வியே ‘இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?’ என்பதாக இருக்கும். மார்ச் நியமனம் வெளியாகும் திகதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் கோப்பைக் காட்டி வையுங்கள்.

இடையில், ‘இப்போதைக்கு அழைப்பாளராக வாருங்கள்’ என்று சொல்லக்கூடும். போகலாம், கடிதம் கையில் கிடைத்தபின். எதுவரைக்கும் அழைப்பு, பத்திரங்கள் எல்லாம் கிடைக்குமா, சொன்ன கருத்து பெயரோடு கூட்டறிக்கையில் பதியுமா என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தன்று வரவுப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘பார்வையாளர்’ என்றிருந்தால், ‘அழைப்பின் பேரில்’ என்று திருத்தி, கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.